வழக்கொழிதலுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

கேள்வி: அலுவலகக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. ஒரு தீர்ப்பைப் படித்தபோது 'டெஸ்விட்யூட்' என்ற சொல் கண்ணில் பட்டது. அகராதியைப் பார்த்தேன், 'பயன்பாட்டில் இல்லாத நிலை' என்றிருந்தது. பழுதாகி மூலையில் கிடக்கும் ஜெராக்ஸ் இயந்திரம் அந்த நிலையில் இருப்பதாக ஒரு குறிப்பில் எழுதினேன். மேலதிகாரி அந்தச் சொல்லைச் சுழித்து, 'இங்கே பொருந்தாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார். அகராதி சொன்னபடிதானே எழுதினேன்? எங்கேதான் இதைப் பயன்படுத்துவது? – ஒரு வாசகி

பதில்: அகராதியும் சரி, உங்கள் மேலதிகாரியும் சரி. அகராதி பொருளைச் சொன்னது; அந்தப் பொருள் எவற்றுக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

இச்சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. பழகிப்போவதைக் குறிக்கும் வினையோடு, விலகலைக் குறிக்கும் 'டே' என்ற முன்னொட்டு சேர்ந்து உருவானது. வழக்கத்தைக் குறிக்கும் 'கஸ்டம்', உடையைக் குறிக்கும் 'காஸ்ட்யூம்' இரண்டும் அதே வேரின் வேறு கிளைகள். ஆகவே இது மனிதர்களின் பழக்கம் விட்டுப்போவதைச் சொல்லும் சொல். சட்டம், சடங்கு, உரிமை, பதவிப் பெயர், விளிக்கும் முறை போல, பின்பற்றுவதாலேயே உயிரோடிருப்பவற்றுக்குத்தான் அது பொருந்தும். இயந்திரம் பழுதாகும், துருப்பிடிக்கும். அதற்கு வழக்கொழிவு கிடையாது.

தமிழில் இதை அழகாக விளக்கலாம். ஒரு சட்டத்தை அவை கூடி நீக்கினால் அது ஒழித்தல். யாரும் நீக்காமலே, கைக்கொள்வாரில்லாமல் மெல்ல மறைந்தால் அது ஒழிதல். முதலாவதற்கு ஆங்கிலத்தில் 'ரிப்பீல்' உண்டு. இரண்டாவதற்கு உரியது நீங்கள் கேட்ட சொல். 'வழக்கொழிந்தது' என்று தமிழில் எங்கே இயல்பாகச் சொல்வீர்களோ, அங்கே ஆங்கிலத்தில் இதைத் தயங்காமல் எழுதலாம்.

இந்த வேறுபாடு சட்டத்தில் எவ்வளவு பெரிது என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கே போதும். 1817-இல் மேரி ஆஷ்ஃபோர்டு என்ற இளம்பெண்ணைக் கொன்றதாக ஆப்ரகாம் தார்ன்டன் மீது வழக்கு நடந்தது. ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். மேரியின் சகோதரர் ஒரு பழைய முறைப்படி மறுபடியும் அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தார். தார்ன்டன் அதைவிடப் பழைய உரிமை ஒன்றைக் கையில் எடுத்தார்: குற்றம் சாட்டியவரோடு நேருக்கு நேர் போரிட்டுத் தன் நிரபராதித்துவத்தை நிரூபிக்கும் உரிமை. கையுறை ஒன்றை நீதிமன்றத் தரையில் எறிந்து சவால் விட்டார். பல தலைமுறைகளாக எவரும் கேட்டிராத உரிமை அது. ஆனாலும் யாரும் அதை நீக்கியிருக்கவில்லை. எனவே அது சட்டமாகவே நிற்கிறது என்று 1818-இல் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சகோதரர் போரிட முன்வரவில்லை. தார்ன்டன் வெளியே வந்தார். மறு ஆண்டே நாடாளுமன்றம் அந்த உரிமையை ஒழித்தது. பின்பற்றாமல் விட்டதால் மட்டும் ஒரு சட்டம் சாவதில்லை என்பது இங்கிலாந்தின் நிலை.

பக்கத்தில் இருக்கும் ஸ்காட்லாந்தில் கதை வேறு. 1707-இல் இங்கிலாந்தோடு இணைவதற்கு முந்தைய ஸ்காட்லாந்து நாடாளுமன்றச் சட்டங்கள் இப்படி வழக்கொழிந்து செல்லாமல் போகலாம். நெடுங்காலம் பயன்படாமல் கிடந்தால் மட்டும் போதாது. அதற்கு எதிரான நடைமுறையும் வேரூன்றியிருக்க வேண்டும். நம் உச்ச நீதிமன்றமும் 1995-இல் புனே மாநகராட்சி தொடர்பான வழக்கில் இந்தக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. நீங்கள் படித்தது போன்ற தீர்ப்புகளில் இச்சொல் தலைகாட்டுவது இதனால்தான்.

நீதிமன்றத்துக்கு வெளியே இதைப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லாண்ட். அதிகாரிகளைப் பதவி நீக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில் 1886-இல் அவருக்கும் செனட்டுக்கும் மோதல் வந்தது. செனட் எடுத்துக்காட்டிய சட்டங்கள், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் யாருக்கும் அநேகமாகத் தீங்கில்லாமல் வழக்கொழிந்து கிடந்தவை என்று செனட்டுக்கு அனுப்பிய செய்தியில் எழுதினார். 'தீங்கற்ற வழக்கொழிவு' என்று பொருள்படும் 'இன்னாக்குவஸ் டெஸ்விட்யூட்' அன்று முதல் மேற்கோளாகிவிட்டது. அவர் சட்டங்களைப் பற்றித்தான் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

எழுதும்போது சில நுணுக்கங்கள். எழுத்துக்கூட்டல் 'desuetude'. அழுத்தம் 'டெஸ்' மீது விழும். பன்மை வேண்டாம், முன்னால் 'ஏ' சேர்க்கவும் வேண்டாம். பெரும்பாலும் 'ஃபால் இன்டு' என்ற வினையோடுதான் வரும். 'லாப்ஸ் இன்டு' என்பதும் உண்டு. இது கனமான சொல், ஆகவே சாதாரணக் கடிதத்தில் 'டிஸ்யூஸ்' போதும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு விதி ஏட்டில் இருந்தும் நடைமுறையில் செத்துவிட்டது என்று சுட்ட நேரும்போதுதான் இதற்கு ஈடு கிடையாது. அலுவலகத்தில் மாதந்தோறும் ஆய்வுக் கூட்டம் நடத்த வேண்டும் என்ற பழைய சுற்றறிக்கை ரத்தாகாமலே மறக்கப்பட்டிருந்தால், அந்தக் குறிப்பில் தாராளமாக எழுதுங்கள். மேலதிகாரி சுழிக்க மாட்டார். ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்று எழுதி அனுப்பிவிடுங்கள், பழுது பார்க்க ஆளாவது வரும்.