கிராமச் சாலைப் பராமரிப்பு: செலவு யாருக்கு, பலன் யாருக்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் சாலைகளைப் பற்றிய கடிதங்கள் குவிவது வழக்கம், இம்முறையும் அப்படியே. சாலையின் நீளம், அகலம், அதில் ஓடும் வண்டிகள் ஆகிய மூன்றில் ஒன்றைக்கூடக் குறிப்பிடாமல் ‘எங்கள் ஊர்ச் சாலையைச் செப்பனிடுவது லாபமா’ என்று மட்டும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. அவர்கள் மூன்றையும் எழுதி மீண்டும் அனுப்பலாம்.

கேள்வி: கிராமச் சாலைப் பராமரிப்பின் பலன்–செலவு விகிதம் எவ்வளவு? ஆய்வறிக்கையை இவ்வாரமே ஒப்படைக்க வேண்டும். எண்ணை மட்டும் தெரிவித்தால் போதும். (கல்லூரி மாணவர், திருச்சி)

எந்தச் சாலைக்கு? ஒரே ஒன்றியத்துக்குள், பலனைச் செலவால் வகுத்து வரும் இந்த விகிதம் 1-க்குக் கீழே விழும் சாலையும் இருக்கும், 5-ஐத் தாண்டும் சாலையும் இருக்கும். நீங்கள் எடுத்துக்கொண்ட சாலையில் அறுவடைக் காலத்தில் மூன்று நாள், வேலையற்ற பருவத்தில் மூன்று நாள் நின்று வண்டிகளை எண்ணுங்கள். அதில் ஒரு சந்தை நாளும் அடங்கட்டும். அதன் பிறகு, பராமரித்தால் என்ன ஆகும், பராமரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு அட்டவணைகள் போடுங்கள். இரண்டாவது அட்டவணை இல்லாத அறிக்கையை எனக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: சாலை சீரானதால் எங்கள் பகுதியில் நிலத்தின் விலை இரு மடங்காகிவிட்டது. பயணச் செலவு மிச்சத்தோடு இதையும் பலன் பக்கத்தில் சேர்க்கலாமா? (ஓய்வு பெற்ற கணக்காயர், தேனி)

கூடாது. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் செலவு குறைவதால்தான் நிலத்தின் விலை ஏறுகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரே பலனை இரண்டு முறை எண்ணியதாகும்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் மூன்று கிலோமீட்டர் தார்ச்சாலைக்கு நான் பதவியில் இருந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு ரூபாய்கூடப் பராமரிப்புக்குச் செலவிடவில்லை. அந்தப் பணத்தைத் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பயன்படுத்தினோம். இப்போது சாலை முழுவதும் கெட்டுவிட்டதால் அரசுத் திட்டத்தில் புதிதாகவே போட்டுத் தருகிறார்கள். இது சிக்கனம்தானே? (முன்னாள் ஊராட்சித் தலைவர், விழுப்புரம் மாவட்டம்)

உங்கள் ஊராட்சியின் கணக்கேட்டை மட்டும் பார்த்தால் சிக்கனம்தான். ஒட்டுப்போடும் செலவு ஊராட்சியின் பையிலிருந்து போகிறது. புதுச் சாலை போடும் செலவு சென்னையிலிருந்தோ தில்லியிலிருந்தோ வருகிறது. தன் பணத்தைச் செலவிட்டுச் சாலையைக் காத்தவருக்கு எதுவும் கிடைப்பதில்லை, சாகவிட்டவருக்குப் புதுச் சாலையும் திறப்பு விழாவும் கிடைக்கின்றன என்னும் இந்த ஏற்பாட்டைப் பற்றி நான் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். உங்களைக் குறை சொல்வதைவிட இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதே நியாயம். ஆனால் அதைச் சிக்கனம் என்று அழைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

எண்களைப் பாருங்கள். 2023 தொடக்கத்தில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. கிலோமீட்டருக்குச் சராசரி 40 லட்சம். பராமரிப்புக்கு, கணக்கு வசதிக்காக, ஆண்டுக்குக் கிலோமீட்டருக்கு 50,000 ரூபாய் என்றும், ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் மேல்தளத்தைப் புதுப்பிக்க 10 லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் செலவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் வழக்கமான 12 சதவீதத் தள்ளுபடி வீதத்தில் பத்தாண்டுப் பராமரிப்பின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 12 லட்சம் வருகிறது. எதுவும் செய்யாமல் விட்டு எட்டாம் ஆண்டில் 40 லட்சத்துக்குப் புதிதாகப் போட்டால் இன்றைய மதிப்பு 16 லட்சம். செலவைத் தள்ளிப்போடுபவருக்குச் சலுகை காட்டும் 12 சதவீத வீதத்திலேயே நீங்கள் தோற்றுவிடுகிறீர்கள். வீதத்தைக் குறைத்தால் இடைவெளி இன்னும் விரியும்.

இதில் சாலையைப் பயன்படுத்துபவரின் செலவு இன்னும் சேரவில்லை. நாளைக்கு 200 வண்டிகள் ஓடும் சாலை என்று கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளுக்குக் குறைவாகவும் டிராக்டருக்கும் பேருந்துக்கும் கூடுதலாகவும், சராசரியாகக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் எரிபொருள், டயர், பழுது என்று கூடுதலாக ஆகிறதென்றால், ஒரு கிலோமீட்டரில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மக்களின் பையிலிருந்து போகிறது. சாலை கெட்டுக் கிடக்கும் நான்காம் ஆண்டு முதல் எட்டாம் ஆண்டு வரை இதைக் கணக்கிட்டால் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 4 லட்சம். ஆக, 12 லட்சத்துக்கு எதிரே 20 லட்சம். நீங்கள் மிச்சப்படுத்திய தொகை எங்கும் மிச்சமாகவில்லை. அதைவிடப் பெரிய தொகையாகப் பால் வண்டிக்காரரிடமிருந்தும் ஷேர் ஆட்டோக்காரரிடமிருந்தும் ரசீது இல்லாமல் வசூலாகியிருக்கிறது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய பிழை அன்று. ஆப்பிரிக்க நாடுகளில் ஒரு பத்தாண்டில் 1,200 கோடி டாலரை உரிய காலத்தில் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவைத் தவிர்த்திருக்கலாம் என்று உலக வங்கி 1994-ஆம் ஆண்டின் வளர்ச்சி அறிக்கையில் எழுதியது. ஓட்டு வீட்டில் உடைந்த ஓர் ஓட்டை மாற்றாமல் இருந்துவிட்டு, உத்தரம் உளுத்த பிறகு கூரையையே பிரித்துப் போடுவதற்கு ஒப்பானது இது.

அந்த 50,000 ரூபாயில் என்ன செய்துவிட முடியும் என்று நீங்கள் கேட்கக்கூடும். உங்கள் சாலையின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெர்ம் எனப்படும் சாலையோர மண் பகுதியில் மண் சேர்ந்து, புல் முளைத்து, தார் விளிம்பைவிட நான்கு விரல் உயர்ந்திருக்கும். மழைநீர் வடிகாலுக்குப் போக வழியில்லாமல் அந்த விளிம்போடு தேங்கி நின்று, தாருக்கும் ஜல்லிக்கும் இடையில் இறங்கும். எதிர்வண்டிக்கு ஒதுங்கும் டிராக்டரின் சக்கரம் அங்கே ஏறியதும் விளிம்பு பிஸ்கட் அளவுத் துண்டுகளாக உதிரும். சிறுபாலத்தின் வாயில் சீமைக்கருவேலக் கிளையும் பாலித்தீன் பையும் அடைத்திருக்கும். மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்ட இரண்டு பேர் மழைக்கு முன் இரண்டு வாரம் உழைத்தால் இவை அனைத்தும் தீரும். தண்ணீரை வெளியேற்றாமல் குழிகளை மட்டும் அடைத்துக்கொண்டிருப்பது வீண் செலவு என்பதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

அத்தகைய ஆட்களை வைத்திருப்பதே விரயம் என்று கருதிய காலமும் இருந்தது. நெடுஞ்சாலைத் துறையில் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்கள் 2002-இல் நீக்கப்பட்டு, 41 மாதங்கள் கழித்தே மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய ஊதியம் வரவு செலவு அறிக்கையில் தனி வரியாகத் தெரிந்தது. பெர்ம் வெட்டாததால் அழிந்த சாலையின் மதிப்போ எந்த வரியிலும் தெரியவில்லை. சாலையைச் சொத்தாகப் பதிந்து, ஆண்டுதோறும் அதன் தேய்மானத்தை ஊராட்சியின் கணக்கில் காட்டும்வரை, உங்களைப் போன்ற நல்லெண்ணம் கொண்ட தலைவர்களும் இதையே செய்துகொண்டிருப்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வழியாக எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் நாளைக்கு முப்பது நாற்பது ஓடுகின்றன. ‘நாங்களும் சாலை வரி கட்டுகிறோம்’ என்கிறார்கள் உரிமையாளர்கள். சேதத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு? (விவசாயி, கரூர் மாவட்டம்)

ஏறத்தாழ முழுவதும். வண்டியின் ஓர் அச்சின் மேல் ஏறும் எடை கூடும்போது சேதம் அதன் நான்காம் மடியில் கூடுகிறது என்பது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து கிடைத்த விதி. எடை இரு மடங்கானால் சேதம் 16 மடங்கு. நம் நாட்டில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 2018-இல் 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எடை 13 சதவீதம்தான் கூடியது. சேதமோ 60 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். அதுவும் வரம்புக்குள் ஏற்றும் வண்டிக்கு. அச்சுக்கு 15 டன் ஏற்றி வரும் டிப்பரின் ஒரு நடை, சாலை வடிவமைப்பில் அளவுகோலாகக் கொள்ளும் 8.16 டன் திட்ட அச்சின் பதினொரு நடைக்குச் சமம். உங்கள் மோட்டார் சைக்கிளின் பங்கைக் கணக்கிடத் தசமப் புள்ளிக்குப் பின் நிறையப் பூஜ்யங்கள் வேண்டும்.

கிராமச் சாலையை இந்தச் சுமைக்கு வடிவமைப்பதில்லை என்பதால், இங்கே சரியான கேள்வி பராமரிப்புச் செலவு எவ்வளவு என்பதன்று, அதை யார் ஏற்க வேண்டும் என்பதே. 2015 சட்டத் திருத்தத்தால் உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளையின் நிதியைச் சாலை போன்ற உள்கட்டமைப்புக்கும் பயன்படுத்தலாம். கிராம சபையில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். தீர்மானத்தோடு மூன்று நாள் வண்டி எண்ணிக்கையும் இணைந்திருக்க வேண்டும். ‘நிறைய லாரி ஓடுகிறது’ என்று எழுதி அனுப்பினால் அது கோப்பிலேயே உறங்கும்.

கேள்வி: கிராமச் சாலைகளால் வருமானம் உயரவில்லை என்று ஓர் ஆய்வு கூறுகிறதாமே. பிறகு பராமரிப்பது எதற்கு? (ஆசிரியர், புதுக்கோட்டை)

‘கூறுகிறதாமே’ என்று எழுதுவதற்கு முன் ஆய்வைப் படித்திருக்கலாம். நீங்கள் குறிப்பிடுவது சாம் ஆஷரும் பால் நோவோசாடும் 2020-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் சாலை பெற்ற ஊர்களை, மக்கள்தொகை வரம்புக்குச் சற்றுக் கீழே நின்று சாலை பெறாத ஊர்களோடு ஒப்பிட்டார்கள். சாலை வந்து நான்காண்டுகளில் விளைச்சலிலோ சொத்திலோ பெரிய மாற்றம் தெரியவில்லை; விவசாய வேலையை விட்டு வெளி வேலைக்குப் போவோர் கூடினார்கள். இதற்கு மாறாக, ஃபேன், ஹேசல், தோரட் ஆகியோரின் முந்தைய ஆய்வு, இந்திய அரசின் ஊரகச் செலவினங்களில் வறுமையைக் குறைப்பதில் சாலைச் செலவே முதலிடம் வகிப்பதாகக் கண்டது. இரண்டையும் நான் மதிக்கிறேன்.

ஆனால் இரண்டுமே புதிய சாலையையும் சாலை முதலீட்டையும் பற்றியவை. உங்கள் கேள்வியோ இருக்கும் சாலையைப் பற்றியது. மீண்டும் சொல்கிறேன், எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். வெளி வேலைக்குப் போகத் தொடங்கியவர் அந்த ஏழு மணிப் பேருந்தை நம்பித்தான் போகிறார். சாலை மெல்ல மெல்லக் கெடும். பேருந்து மெல்ல மெல்ல நிற்பதில்லை, ஓட்டுநர் இனி முடியாது என்று சொல்லும் நாளில் ஒரேயடியாக நின்றுவிடும். சராசரியை மட்டும் பார்க்கும் கணக்கில் இந்த இழப்பு அகப்படாது.

கேள்வி: தாருக்குப் பதிலாக சிமென்ட் சாலை போட்டுவிட்டால் பராமரிப்பே வேண்டாமல்லவா? (ஒன்றியக் கவுன்சிலர், சிவகங்கை மாவட்டம்)

வேண்டாம் என்று உங்களிடம் சொன்னவர் ஒப்பந்ததாரராக இருக்க வேண்டும். வீடுகள் நெருங்கி, சாக்கடை நீர் சாலையில் ஓடும் ஊர்ப்பகுதியில் சிமென்ட் தளம் பொருத்தமானது. அங்கே தார் ஓராண்டுகூடத் தாங்காது. வயல்வெளியில் போகும் பகுதிக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் முதலீடு செய்யுமுன், மிச்சமாகும் பராமரிப்புச் செலவை 12 சதவீத வீதத்தில் இன்றைய மதிப்பாக்கிப் பாருங்கள். குறைந்த போக்குவரத்துள்ள சாலையில் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. குடிநீர்க் குழாய் முழுவதும் பதித்து முடிந்துவிட்டதா என்பதையும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்துக்காக வெட்டிய சிமென்ட் தெருக்கள் பழைய நிலைக்குத் திரும்பியதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். சிமென்டானாலும் வடிகால் வேண்டும்.

கேள்வி: எங்கள் மலைக் கிராமத்துக்கு நாளைக்கு இருபது வண்டிகூட வராது. பலன்–செலவு கணக்குப் பார்த்தால் எங்கள் சாலையைக் கைவிட வேண்டியதுதானா? (வாசகி, கல்வராயன் மலை)

இல்லை. வண்டிகளின் எண்ணிக்கையை வைத்துப் போடும் கணக்கு உங்கள் சாலைக்குப் பொருந்தாது. நாளைக்கு ஐம்பது வண்டிக்குக் குறைவான சாலைகளில், ஒரு லட்சம் ரூபாய் பராமரிப்பால் எத்தனை பேருக்கு ஆண்டு முழுவதும் வழி திறந்திருக்கிறது என்று பார்ப்பதே முறை. 108 ஆம்புலன்ஸ் ஊருக்குள் வர முடிவதற்கு ரூபாயில் விலை போட்டுக் காட்ட வேண்டிய தேவை இல்லை. உங்களுக்கு மூன்று கிலோமீட்டரும் வழுவழுப்பாக இருப்பது முக்கியமில்லை. மழையில் அறுந்துபோகும் ஓடைக் கடப்பும் வழுக்கும் ஏற்றமும் எவை என்று பட்டியலிட்டு, அந்த இடங்களை மட்டும் முதலில் சரிசெய்யக் கேளுங்கள்; செலவு குறைவு என்பதால் ஒப்புதல் கிடைப்பதும் எளிது.

கேள்வி: பிரதம மந்திரி திட்டத்தில் போட்ட சாலை மூன்றாம் ஆண்டிலேயே பெயர்ந்துவிட்டது. ஊராட்சியில் பணம் இல்லை என்கிறார்கள். (வாசகர், தருமபுரி மாவட்டம்)

ஊராட்சியிடம் ஏன் கேட்கிறீர்கள்? அத்திட்டத்தின் ஒப்பந்தத்தில் முதல் ஐந்து ஆண்டுப் பராமரிப்பும் அடக்கம். அதைச் செய்ய வேண்டியவர் சாலை போட்ட ஒப்பந்ததாரர். சாலையின் தொடக்கத்தில் நிற்கும் பலகையில் பணி முடிந்த தேதியும் ஆண்டுவாரியான பராமரிப்புத் தொகையும் எழுதியிருக்கும். பலகையையும் குழிகளையும் படம் எடுத்து, ‘மேரி சடக்’ செயலியில் பதிவிட்டு, நகலைச் செயற்பொறியாளருக்கு அனுப்புங்கள். ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் அனுப்புங்கள்.