மகன் மடத்துக்குப் போகிறேன் என்கிறான்

கேள்வி: பீர்மேடு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். கணவர் இல்லை. பி.காம். முடித்த மகன் வாகமண் குரிசுமலை ஆசிரமத்துக்கு இரண்டு தடவை போய்வந்தான். இப்போது துறவியாகப் போகிறேன் என்கிறான். பங்குச் சாமியாரானால்கூட அடிக்கடி பார்க்கலாம். இது வாய் திறக்காத மடமாமே? படிப்புக் கடன் பாதி பாக்கி. மகள் பிளஸ் டூ. தடுக்கவா, விடவா?
– ஒரு தாய், ஏலப்பாறை

பதில்: தடுக்க வேண்டாம் அம்மா. நாளைக்கே பெட்டி கட்டிக் கொடுக்கவும் வேண்டாம். அந்தக் கதவு அவ்வளவு லேசில் திறக்காது.

குரிசுமலையை 1958-இல் தொடங்கியவர்கள் பெல்ஜியத்துக்காரர் பிரான்சிஸ் ஆச்சார்யாவும் ஆங்கிலேயர் பீட் கிரிஃபித்ஸும். (பத்து வருஷத்தில் கிரிஃபித்ஸ் குளித்தலை பக்கம் சாந்திவனம் ஆசிரமத்துக்குக் கிளம்பிவிட்டார் என்பது வேறு கதை.) இப்போது அது டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடம். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) எழுதிய ஒழுங்குதான் அவர்களுக்குச் சட்டம். அதில் 58-ஆம் அதிகாரத்தை மகனைப் படிக்கச் சொல்லுங்கள். வருகிறவனை உடனே சேர்க்காதே, நாலைந்து நாள் வாசலில் நின்று கெஞ்சட்டும் என்கிறது. சேர்த்து, மடத்து உடுப்பு கொடுத்த பிறகும் அவன் போட்டு வந்த துணியைத் தூக்கி எறிவதில்லை. பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள், என்றைக்காவது கிளம்பினால் மாற்றிக்கொண்டு போக! இன்றைய திருச்சபைச் சட்டப்படியும் நவதுறவியாக, அதாவது பயிற்சியில், குறைந்தது ஒரு வருஷம், தற்காலிக வார்த்தைப்பாட்டில் (துறவற வாக்குறுதி) குறைந்தது மூன்று வருஷம். அதன் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு.

வாய் திறக்கமாட்டார்கள் என்பது பாதிதான் உண்மை. வீண் பேச்சு கிடையாது, அவ்வளவுதான். அங்கே மாட்டுப்பண்ணை இருக்கிறது. ஊமையாக இருந்து பால் வியாபாரம் நடக்குமா?

சரி, கடனுக்கு வருவோம். அடைக்க முடியாத கடன் உள்ளவரைச் சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. மகள் விஷயத்தில் எனக்கு வனத்து அந்தோணியார் நினைவுக்கு வருகிறார். மூன்றாம் நூற்றாண்டு எகிப்து. அப்பா அம்மா போய்விட்டார்கள், அவருக்கு இருபது வயதுகூட இருக்காது. நிலபுலனைக் கொடுத்துவிட்டார், ஆனால் தங்கையை நம்பிக்கையான கன்னியரிடம் ஒப்படைத்த பிறகுதான் தவத்துக்குப் போனார். “தங்கைக்கு என்னடா ஏற்பாடு?” என்று நீங்கள் கேட்டால் அது பக்தியைத் தடுப்பதாகாது.

பார்க்க முடியாதே என்ற பயமா? ஆசீர்வாதப்பர் வருஷத்துக்கு ஒரு முறைதான் தங்கை ஸ்கொலாஸ்திகாவைச் சந்திப்பார். ஒரு மாலை, “இன்றிரவு இருந்து பேசு” என்று தங்கை கெஞ்ச, அண்ணன் மறுத்தார். தங்கை மேசையில் தலை கவிழ்ந்து ஜெபித்தார். கொட்டியது மழை. விடிய விடியப் பேசினார்களாம். மூன்றாம் நாள் தங்கை இறந்துபோனார்.

வாகமண் உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தானே. அடுத்த தடவை அவன் போகும்போது நீங்களும் கூடப் போய்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். லோன் பாஸ்புக்கை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.