சௌஃபா சாதம் ஏன் குழைந்துபோகிறது?

கேள்வி: பெரு நாட்டின் சீனப் பாணி வறுத்த சாதமான அரோஸ் சௌஃபாவை வீட்டில் செய்து பார்த்தேன். சோயா சாஸ், அஹி அமரியோ மிளகாய் விழுது இரண்டும் சேர்த்துத்தான் செய்தேன். சாதம் குழைந்துவிட்டது. சுவையும் சேரவில்லை, காரம் ஒரு பக்கம், சோயா ஒரு பக்கம் நிற்கிறது. எங்கே தவறு? அந்த மிளகாய் தீர்ந்துபோனால் வேறு எதைப் போடலாம்?

பதில்: விழுதை எந்தக் கட்டத்தில் சேர்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாகச் சாதத்தைப் போட்ட பிறகுதான் சேர்த்திருப்பீர்கள். குழைந்ததற்கும் சுவை சேராததற்கும் அந்த ஒன்றே போதும். மிளகாய் விழுதில் பெரும்பகுதி தண்ணீர். சோயா சாஸிலும் தண்ணீர்தான் அதிகம். இரண்டையும் ஒன்றாகச் சாதத்தின் மேல் ஊற்றினால் சாதம் வறுபடாது, மறுபடி வேகும். விழுதின் பச்சை வாசனையும் போகாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெருவில் சீன உணவகங்களைச் சிஃபா என்பார்கள். அங்கே சௌஃபாவுக்கான மிளகாய் பெரும்பாலும் தனிக் கிண்ணத்தில், தட்டுக்குப் பக்கத்தில் வரும். வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்வார். சாதத்தின் உள்ளே இருப்பது ஏறக்குறைய தென்சீனாவின் கான்டனீஸ் சமையல்தான்: இஞ்சி, பூண்டு, சோயா, வெங்காயத்தாள், முட்டை. 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சீனத் தொழிலாளர்கள் பெருவுக்கு ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் தென்சீனாவின் குவாங்தோங் பகுதிக்காரர்கள். கரும்பு, பருத்தித் தோட்டங்களிலும் குவானோ என்ற கடற்பறவை எச்ச உரம் வெட்டும் தீவுகளிலும் படாத பாடுபட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் பலர் லிமாவின் மத்தியச் சந்தையை ஒட்டிய கபோன் தெருப் பக்கம் வந்து கடை போட்டார்கள். சௌஃபா அவர்கள் கைப்பழக்கத்தில் வந்த உணவு. அதனால் முதலில் நல்ல கான்டனீஸ் வறுத்த சாதம் செய்யுங்கள். பெருவின் காரத்தை மேலே சேர்ப்பது அதற்கு அடுத்த வேலை.

சாதத்துக்கு வருவோம். மணம் அதிகமில்லாத, நீளமான வெள்ளைப் பச்சரிசி எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளியும்வரை கழுவி வடித்து, 1 கப் அரிசிக்கு 1¼ கப் தண்ணீர் விட்டு, மூடி, சிறுதீயில் 12 நிமிடம் வேகவிடுங்கள். அடுப்பை அணைத்து 10 நிமிடம் மூடியே வையுங்கள். இது இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். அப்புறம் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். ஆறும்போது சாதத்தின் மாவுச்சத்து இறுகும், பருக்கையின் மேற்பரப்பு காயும். அவசரமென்றால் மின்விசிறிக் காற்றில் அரைமணி நேரம் பரப்பி வைத்தாலும் வேலை நடக்கும். மேற்பரப்பு காய்ந்திருப்பதுதான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. 'பழைய சாதம்' என்பதற்காக இரவு முழுக்க வெளியே வைத்துவிடாதீர்கள். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சமைத்து ஒரு மணி நேரத்துக்குள் பெட்டிக்குள் வைத்து, மறுநாளே பயன்படுத்திவிடுங்கள்.

வீட்டு அடுப்பின் தீ உணவகத் தீ அல்ல. வாணலி நிறையப் போட்டால் சூடு இறங்கி, எல்லாம் நீர் விட்டு வேகத் தொடங்கும். அதனால் ஒரு முறைக்கு இரண்டு பேருக்கு மேல் செய்யாதீர்கள். நான்கு பேர் என்றால் இரண்டு தடவை வறுங்கள். 2 முட்டைகளை அடித்து, மெல்லிய அடையாக ஊற்றி எடுத்து, துண்டு போட்டுத் தனியே வையுங்கள். பெருவில் முட்டையைப் பெரும்பாலும் இப்படித்தான் சேர்க்கிறார்கள். 200 கிராம் எலும்பில்லாத கோழித்தொடைக் கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, 1 தேக்கரண்டி சோயாவில் பிரட்டி, வாணலி புகையும் சூட்டில் முழுவதும் வேகும்வரை வறுத்து, அதையும் எடுத்துவிடுங்கள். வீட்டுச் சௌஃபாவில் ஹாட்டாக் சாசேஜை வட்டமாக நறுக்கிப் போடுவதும் உண்டு. கௌரவம் பார்க்காதீர்கள், நன்றாகவே இருக்கும்.

அதே வாணலியில் எண்ணெய் விட்டு 1 மேசைக்கரண்டி பொடியாக நறுக்கிய இஞ்சி, 3 பல் பூண்டு, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, அரைச் சிவப்புக் குடைமிளகாய். இஞ்சியில் கஞ்சத்தனம் வேண்டாம், சௌஃபாவின் முதல் வாசனையே அதுதான். விழுதைச் சாதத்தின் உள்ளேயே சேர்க்க ஆசைப்பட்டால் அதற்கான நேரம் இதுதான். 1 மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். எண்ணெயில் வதக்கி, நிறம் ஆழ்ந்து எண்ணெய் பிரிந்து வரும்வரை காத்திருங்கள். தண்ணீர் வற்றிய பிறகு சாதத்தைக் கட்டியில்லாமல் உதிர்த்துப் போட்டு, 2 நிமிடம் சும்மா வறுங்கள். பருக்கைகள் வாணலியில் துள்ளத் தொடங்கியதும் 1½ மேசைக்கரண்டி சோயாவைச் சாதத்தின் மேல் ஊற்றாமல் வாணலியின் ஓரத்தில் சுற்றி ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டவுடன் தண்ணீர் ஆவியாகி, சுவை மட்டும் சாதத்தில் ஏறும். நிறம் போதவில்லையென்றால் சோயாவைக் கூட்டாமல் கெட்டியான கறுப்புச் சோயாவில் சில சொட்டு விடுங்கள். கோழி, முட்டை, பச்சை வெங்காயத்தாளைச் சேர்த்துக் கிளறி, அடுப்பை அணைத்த பிறகு 1 தேக்கரண்டி நல்லெண்ணெய். சீன முறைப்படி வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் என்றால் இன்னும் குறைவாக, அரைத் தேக்கரண்டி.

மிளகாய் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? அஹி அமரியோவில் காரத்தைவிடப் பழவாசனைதான் பெரிது. பழுத்தால் ஆரஞ்சு நிறம். வெறும் காரமான பச்சை மிளகாயை வைத்து அந்த இடத்தை நிரப்ப முடியாது. ஒரு மஞ்சள் அல்லது ஆரஞ்சுக் குடைமிளகாயைத் தோல் கருகச் சுட்டு உரித்து, காரமான சிவப்பு மிளகாய் ஒன்றோடு, எண்ணெய், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரையுங்கள். அச்சு அசல் வராது, ஆனால் திசை சரியாக இருக்கும். இதைச் சாதத்துக்குள் போடாமல் பக்கத்தில் வைப்பதுதான் என் விருப்பம். உங்களுக்குக் காரமும் சோயாவும் தனித்தனியாக நின்றது குறையாகப் பட்டது. கிண்ணத்தில் இருந்து ஒவ்வொரு வாய்க்கும் தொட்டுக்கொள்ளும்போது அதே தனித்தன்மை ருசியாகிவிடும். கூடவே பளீர் மஞ்சளில் இன்கா கோலா குடிப்பது பெருவில் வழக்கம். எனக்கு அந்த இனிப்பு கொஞ்சம் தாங்காது.

அரிசிக்குப் பதில் கீன்வா என்ற சிறு தானியம் போட்டுச் செய்யும் சௌஃபாவும் அங்கே உண்டு. அதற்கும் முறை இதேதான். கீன்வாவின் கசப்பு போக நுரை அடங்கும்வரை கழுவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்து, சல்லடையிலேயே கால்மணி நேரம் விட்டு நன்றாகக் காயவிடுங்கள். அமேசான் பகுதியில் புகையூட்டிய பன்றிக்கறியும் பொரித்த வாழைக்காயும் சேர்ப்பார்கள். வாழைக்காயை மட்டும் கடைசியில் மேலே தூவுங்கள், கிளறினால் நொறுங்கிவிடும்.