மடியில் உட்கார்ந்தால் கரண்ட் அடிக்குமா?

அன்புள்ள ஐயா,

உங்களுக்குப் பேஸ்மேக்கர் வைத்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அப்பாவுக்கு 61 வயது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம். மாரடைப்புக்குப் பிறகு இதயம் பலவீனமாகிவிட்டது என்று போன வருடம் நெஞ்சுக்குள் ஐ.சி.டி. வைத்தார்கள்; துடிப்பு ஆபத்தாக எகிறினால் ஷாக் கொடுத்துச் சரிசெய்கிற கருவி. நன்றாகத்தான் இருந்தார். பங்குனியில் ஒருநாள் விடியற்காலை பூ மூட்டையை இறக்கும்போது அது ஷாக் கொடுத்துவிட்டது. "மாடு நெஞ்சுல உதைச்ச மாதிரி இருந்துச்சு" என்றார். அதிலிருந்து மார்க்கெட் பக்கமே போவதில்லை. அவர் குளிக்கும்போது நாங்கள் கதவைத் தாழ்போட விடுவதில்லை. தன் மேல் உட்கார்ந்தால் குழந்தைக்கும் கரண்ட் அடிக்கும் என்று பேத்தியை மடியில் வைப்பதில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. "இந்த மிஷின் இருந்தா சாகுற காலத்துல உயிர் பிரியாம இழுத்துக்கிட்டுக் கெடக்குமாமே" என்று அம்மாவிடம் கேட்கிறார். டாக்டர், கருவி நன்றாக வேலை செய்கிறது என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

ம., ஒத்தக்கடை


அன்புள்ள ம.,

முதலில் பேத்தி விஷயம். அது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. கருவி ஷாக் கொடுக்கிற நேரத்தில் யாராவது அவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் லேசாகச் சுருக்கென்று தெரியலாம், அவ்வளவுதான். குழந்தைக்கும் ஆபத்து இல்லை, பக்கத்தில் படுக்கிற அம்மாவுக்கும் இல்லை. கருவி வைத்த அன்றே யாராவது இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கும் சொல்லவில்லை. சில வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள், தையலில் தண்ணீர் பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மற்றதெல்லாம் நானாகப் பயந்துகொண்டதுதான். மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டர் இருக்கிறதே, அதற்குள் நுழைந்தால் கருவி நின்றுவிடும் என்று நினைத்து ஏழெட்டு மாதம் சித்திரை வீதியில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். ஒரு செக்கப்பில், கருவியைக் கம்ப்யூட்டரில் சோதிக்கிற பெண்ணிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நிற்காம சாதாரணமா நடந்து போங்க சார். கையில வெச்சுத் தடவுற டிடெக்டரை மட்டும் நெஞ்சுகிட்ட வெச்சிருக்க வேண்டாம்னு கருவிக்குக் கொடுத்த கார்டைக் காட்டிச் சொல்லுங்க" என்றார். செல்போன் சட்டைப் பையில் வேண்டாம், ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள் என்றும் சொன்னார். அன்று சாயங்காலமே அம்மனைப் பார்த்தேன். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆனாலும் உங்கள் அப்பாவின் பயம் என்னுடையதைவிடப் பெரியது. என் பேஸ்மேக்கர், துடிப்பு குறையும்போது தூண்டிவிடுகிறது. அது வேலை செய்வதே எனக்குத் தெரியாது. ஐ.சி.டி. அப்படி இல்லை. இதயம் உயிருக்கே ஆபத்தான வேகத்தில் ஓடும்போது அது குறுக்கே புகுந்து நிறுத்துகிறது. முடிந்தால் வலிக்காத சிறு தூண்டல்களால் அடக்கப் பார்க்கும், இல்லாவிட்டால் ஷாக். முழு நினைவோடு அதை வாங்கியவர், அடுத்தது எப்போது என்று காத்திருக்க ஆரம்பித்துவிடுவார். அது எங்கே வந்ததோ அந்த இடத்தையும், எந்த வேலையில் வந்ததோ அந்த வேலையையும் மனம் ஒதுக்கிவிடும். அப்பா மார்க்கெட்டை ஒதுக்கியதும் இதனால்தான். கருவி நன்றாக வேலை செய்கிறது, சரி. அப்பா நன்றாக இல்லையே, அதை யார் பார்ப்பது?

அடுத்த செக்கப்புக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்று விடியற்காலை நடந்தது கருவியில் பதிவாகியிருக்கும். உண்மையான ஆபத்துத் துடிப்பா, வேறு வகைப் படபடப்பைக் கருவி தவறாக எடுத்துக்கொண்டதா, ஒயரில் கோளாறா என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால், மருந்தையோ செட்டிங்கையோ மாற்றி ஷாக் வருவதைப் பெரும்பாலும் குறைக்க முடியும். எத்தனை துடிப்புக்கு மேல் போனால் கருவி தலையிடும் என்ற எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் சம்மதித்தால், அவர் கண்முன்னே டிரெட்மில்லில் நடந்து, தன் துடிப்பு எதுவரை ஏறுகிறது என்று அப்பா பார்த்துவிடட்டும். நாம் சொல்கிற நூறு சமாதானத்தைவிட அது அவருக்குத் தைரியம் தரும். மூட்டை தூக்குவதும் வண்டி ஓட்டுவதும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.

இன்னொரு ஷாக் வந்தால் என்ன செய்வது என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று வந்து உடனே சரியாகிவிட்டால் டாக்டருக்குப் போன். ஒரே நாளில் இரண்டாவது வந்தாலோ, மயக்கமோ மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தாலோ 108.

தூக்கமில்லாததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஐ.சி.டி. வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பேசிப் பேசியே பயத்தைக் குறைக்கிற சிகிச்சை இவர்களுக்குப் பலன் தருகிறது. நம் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு; 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் அந்த ராத்திரிக் கேள்வி. "அபசகுனமாப் பேசாதீங்க" என்று அம்மா அவர் வாயை அடைக்க வேண்டாம். உயிர் அடங்கிய இதயத் தசை எந்தத் தூண்டலுக்கும் அசையாது. கருவி யாரையும் இழுத்துப் பிடித்து வைக்காது. முற்றிய நோயில் கடைசி நாட்கள் வரும்போது, ஷாக் கொடுப்பதை மட்டும் அறுவை இல்லாமல் வெளியிலிருந்தே நிறுத்திவிடலாம். இதை டாக்டர் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் அப்பா தூங்குவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கருவியை உருவாக்கியவர் மிஷேல் மிரோவ்ஸ்கி. அவருடைய மூத்த மருத்துவர் ஒருவர் இதே துடிப்புக் கோளாறால் 1966-ல் இஸ்ரேலில் இறந்துபோனார். ஷாக் கொடுக்கிற இயந்திரம் அப்போது ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. பிழைக்க வேண்டுமானால் அதன் பக்கத்திலேயே படுத்துக் கிடக்க வேண்டும். அதை உடம்புக்குள்ளேயே வைத்து ஆளை வீட்டுக்கு அனுப்ப முடியாதா என்று யோசித்தார் மிரோவ்ஸ்கி. 1980 பிப்ரவரி 4 அன்று பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல்முறையாக ஒரு மனிதருக்கு அதைப் பொருத்தினார்கள். கட்டிலை விட்டு எழுந்து போவதற்காகவே வந்த கருவி இது. நீங்கள் பாசத்தில்தான் காவல் காக்கிறீர்கள், ஆனால் அந்தக் காவல் அவரை மறுபடி நோயாளியாகவே உட்கார வைக்கிறது. குளிக்கப் போகிறவரிடம் "கதவைச் சாத்திக்கோங்கப்பா, நான் இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

டாக்டர் சரி என்றதும் ஒருநாள் காலை மார்க்கெட் பக்கத்து டீக்கடைக்கு அவரை வரச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், கூட்டமாக இருக்கும். நானும் வருகிறேன். அவர் ஒரு கூடையைக்கூடத் தொட வேண்டாம். அன்றைக்கு மல்லி கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து எனக்குச் சொன்னால் போதும்.