முதுகில் துளை என்றதும் பயந்துவிடாதீர்கள்
தங்கச்சி, ஆறு வயது மகனின் சிறுநீரகத்தில் 24 மி.மீ. கல், முதுகில் சிறு துளையிட்டு எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்கிறார், துளைக்காமல் வெளியிலிருந்து அதிர்வலையால் உடைக்க ஏலாதா என்று கேட்டிருந்தீர்கள். 20 மி.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இவ்வளவு பெரிய கல்லை உடைத்தால் துண்டுகள் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் சலக்குழாயில் அடைத்துக்கொள்ளலாம், திரும்பவும் செய்ய வேண்டிவரலாம். சின்னப்பிள்ளை அசையாமல் படுக்காதே, ஒவ்வொரு முறையும் மயக்கமருந்துதான். அதனால் டொக்டர் சொன்னது எனக்கு நியாயமாகவே படுகிறது. பிள்ளைகளுக்கென்று மெல்லிய கருவிகள் இருக்கின்றன; துளை பெரும்பாலும் ஒரு சென்ரிமீற்றருக்குள்தான்.

உள்ளே ஸ்ரென்ற் (சலக்குழாய் அடைபடாமல் வைக்கும் மெல்லிய குழாய்) வைத்தால் எப்போது எடுப்பார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுச் சுண்ணாம்பைத் திட்டிவிட்டு இதை மறந்துவிடுவோம். பிள்ளைகளில் பரம்பரைக் கோளாறும் காரணமாகலாம். கல்லுக்குப் பயந்து பாலை நிறுத்தாதீர்கள். இடையில் காய்ச்சலோடு விலா நோவு வந்தால் சத்திரசிகிச்சைத் திகதிக்குக் காத்திராமல் அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.