பழைய படகோடு வந்த இபிர்ப் கருவி

வணக்கம். சிங்கப்பூர்க்காரரிடம் வாங்கிய படகிலிருக்கும் இபிர்ப் கருவி (கடலில் ஆபத்து நேர்ந்தால் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி) சோதனையில் சரியாக மின்னுகிறது, இந்தியாவில் அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அது அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அலையைச் செயற்கைக்கோள் பிடித்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கருவியின் 15 எழுத்துக் குறியீட்டுக்குள் சிங்கப்பூரின் நாட்டு எண் இருக்கிறது. மீட்பு மையத்தார் அந்த நாட்டுப் பதிவேட்டைப் பார்த்துப் பழைய உரிமையாளரை அழைப்பார்கள். அவரோ வீட்டில் இருந்தபடி, "படகை விற்றுவிட்டேனே" என்பார். நீங்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பீர்கள்.

அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து இந்திய எண்ணான 419-க்கு மாற்றுங்கள். பெங்களூரிலுள்ள இஸ்ரோவின் மையத்தில் பதிவு செய்யுங்கள். வீட்டில் யார் எப்போதும் போனை எடுப்பாரோ அவருடைய எண்ணைக் கொடுங்கள். மின்கலனின் காலாவதித் தேதி கருவியின் மேலேயே ஒட்டியிருக்கும், அதையும் பாருங்கள்.

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தச் செயற்கைக்கோள் மீட்பு ஏற்பாடு. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்த மூவர் பிழைத்தது ஒரு சோவியத் செயற்கைக்கோளால். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் செய்தி.

கருவி தவறுதலாக ஒலித்துவிட்டால் பயந்து ஒளித்துவைக்காதீர்கள். உடனே அணைத்துவிட்டு 1554-இல் கடலோரக் காவல்படையிடம் சொல்லுங்கள்.