சூடு வரும்வரை காத்திருந்தால் ஐடி ஃபேன் பேரிங் தப்பாது

கேள்வி: திருப்பூர் அருகே சாயப்பட்டறை நடத்துகிறோம். விறகு பாய்லரின் புகையை இழுத்து வெளியேற்றும் ஐடி ஃபேன் 30 எச்பி, பெல்ட் டிரைவ், 1450 ஆர்.பி.எம். புல்லி பக்கத்து பிளம்மர் பிளாக்கில் (பேரிங்கைத் தாங்கும் கூடு) ரோலர் பேரிங் ஓராண்டில் மூன்று முறை போய்விட்டது. ஃபிட்டர் தினமும் கை வைத்துச் சூடு பார்க்கிறார். முந்தைய நாள் வரை சரியாக இருந்தது என்கிறார். முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் கையால் முடியாது. பேரிங் கெடும்போது சூடு கடைசியாகத்தான் தலைகாட்டும். ரேஸில் (ரோலர்கள் உருளும் வளையத்தில்) சிறு பொரிவு, அதாவது உலோகம் பெயர்ந்த குழி, விழுந்ததும் முதலில் மாறுவது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி. அடுத்து மீட்டரில் அதிர்வு ஏறும், அதன்பின் சத்தம் கேட்கும். சூடு ஏறிய பிறகு சில மணி நேரத்திலேயே ஷாஃப்ட் பிடித்துக்கொள்ளலாம். தவிர, ஐடி ஃபேனில் புகையின் சூடு ஷாஃப்ட் வழியாக வருவதால் 60–65 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டிலேயே கையை எடுத்துவிடுவோம்; 65-க்கும் 85-க்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான இரும்பில் அது குறைத்துக் காட்டும். பிளாக்கின் மேல் மங்கலான கறுப்புப் பெயின்ட் பொட்டு வைத்து, தினமும் அதே பொட்டில், பாய்லர் அதே லோடில் இருக்கும்போது அளந்து எழுதுங்கள். வழக்கத்தைவிட 10 டிகிரி ஏறினால் காரணம் தேடுங்கள். கிரீஸ் அடித்த சில மணி நேரம் சூடு ஏறி இறங்குவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து மேலும் கிரீஸ் அடிப்பதுதான் ஆபத்து. பிளாக்கின் உள்ளே உள்ள காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும்.

வாரம் ஒருமுறை வைப்ரேஷன் பேனாவால் (அதிர்வை அளக்கும் கையடக்க மீட்டர்) இரண்டு பிளாக்குகளிலும் படுக்கை, செங்குத்து, ஷாஃப்ட் நீளவாக்கு என மூன்று திசைகளில் அளக்க வேண்டும். கான்கிரீட் அஸ்திவாரத்தில் உறுதியாக நிற்கும் இந்த வகை ஃபேனுக்கு ஐஎஸ்ஓ 14694 என்ற சர்வதேசத் தரநிலை தரும் எல்லைகள்: புதிதாக ஓட்டும்போது 4.5 மி.மீ./விநாடி, எச்சரிக்கை 7.1, நிறுத்த வேண்டியது 9. ஆனால் எல்லையைவிட ஏற்றம்தான் முக்கியம். 2-ல் ஓடிய ஃபேன் 4-ஐத் தொட்டால், எல்லைக்குள் இருந்தாலும் ஏதோ நடந்திருக்கிறது.

விறகு பாய்லரில் அந்த ‘ஏதோ’ பெரும்பாலும் இம்பெல்லரில் (ஃபேனின் சுழலும் பிளேடு சக்கரத்தில்) படிந்த சாம்பல். மையத்திலிருந்து 400 மி.மீ. தூரத்தில் ஒரே பக்கம் 100 கிராம் கூடுதலாகப் படிந்தால், 1450 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சுற்றிலும் 90 கிலோவுக்கு மேல் பேரிங்கை இழுக்கும். அதிர்வு நாள்பட மெல்ல ஏறினால் சாம்பல் படிகிறது. திடீரென எகிறினால் ஒரு பக்கத்துக் கட்டி உதிர்ந்துவிட்டது. எட்டிய பிளேடுகளை மட்டும் சுரண்டிவிட்டு ஓட்டினால் முன்பைவிட அதிகமாக ஆடும்.

சாதாரணப் பேனா அதிர்வின் வேகத்தைத்தான் அளக்கும். தொடக்கநிலைப் பொரிவு அதில் விழாது. அதற்கு மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்பாவது வேண்டும். சீரான ரீங்காரம் நல்லது. கரகரத்தால் தூசி அல்லது வறட்சி. கிரீஸ் அடித்ததும் அடங்கி, இரண்டு மூன்று நாளில் திரும்பும் சத்தம் என்றால் ரேஸ் பழுதாகிவிட்டது. அடுத்த ஷட்டவுனுக்குப் பேரிங் வாங்கி வையுங்கள். சீல் ஓரம் வழியும் கிரீஸை விரலில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளி மினுமினுப்பு உலோகத்தூள், பால் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இனி, ஏன் எப்போதும் புல்லி பக்கமே? முதல் சந்தேகம் பெல்ட் டென்ஷன். வி-பெல்ட் பிடிப்பது பக்கச் சுவர்களால். புல்லி பள்ளம் தேய்ந்து பெல்ட் அடியில் உட்கார்ந்தால் வழுக்கும். ஃபிட்டர் மேலும் இறுக்குவார். ரோலர் பேரிங்கின் சுமை இரட்டித்தால் ஆயுள் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். பள்ளத்தின் அடிப்பகுதி பளபளத்தால் புல்லியை மாற்றுங்கள். புல்லிகளுக்கிடையே பெல்ட் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடினால், பெல்ட் நிறுவன அட்டவணை சொல்லும் விசையில் நடுவில் அழுத்தும்போது 16 மி.மீ. இறங்க வேண்டும். ஐசொலேட்டரை (மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்ட பிறகே பெல்ட்டின் பாதுகாப்பு மூடியைக் கழற்றுங்கள்.

இரண்டாவது, லொகேட்டிங் ரிங், அதாவது பேரிங் ஷாஃப்ட் நீளவாக்கில் நகராமல் பிளாக்கில் பூட்டும் வளையம். ஒரு மீட்டர் ஷாஃப்ட் 50 டிகிரி சூடேறினால் 0.6 மி.மீ. நீளும். ஒரு பிளாக்கில் ரிங் போட்டுப் பூட்டி, மற்றதில் பேரிங் நகர இடம் விட வேண்டும். இரண்டிலும் ரிங் போட்டிருந்தால் நீளும் ஷாஃப்ட் பேரிங்குகளையே நெரிக்கும். மூன்றாவது, பேரிங்கை ஷாஃப்டில் பிடிக்க வைக்கும் கூம்பு உறையான டேப்பர் ஸ்லீவின் நட்டைச் சுத்தியல் கணக்கில் இறுக்குவது. 80 மி.மீ. துளையுள்ள பேரிங் என்றால், இறுக்குவதற்கு முன்னும் பின்னும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளந்த கிளியரன்ஸ், அதாவது ரோலருக்கும் ரேஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஏறக்குறைய 0.04 மி.மீ. மட்டுமே குறைய வேண்டும்.

மூன்றில் எது என்பதைக் கழற்றிய பேரிங்கே சொல்லிவிடும். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ரோலர்களில் ஒரு வரிசை மட்டும் பொரிந்திருந்தால் நீளவாக்கில் நெரிந்திருக்கிறது, ரிங்கைப் பாருங்கள். வெளி ரேஸில் பெல்ட் இழுக்கும் பக்கம் மட்டும் இரண்டு வரிசையும் பொரிந்திருந்தால் டென்ஷன். வெளி ரேஸைச் சுற்றி முழு வட்டமாகத் தடம் விழுந்திருந்தால் ஸ்லீவை அதிகம் இறுக்கியிருக்கிறார்கள், அல்லது இம்பெல்லர் பேலன்ஸ் தப்பியிருக்கிறது.